ஏழாம் சுரத்தின் மேல் மூன்று புள்ளிகள்

நூறாண்டு கண்ட நம் பாடகர் சபையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் யெரோன் அவர்களே! ஆண்டுகளால் முதிர்ந்தும் ஆர்வத்தால் முதிராத சபையின் மூத்தோர்களே! இந்த மெழுகுவர்த்தித் திருநாளில், காலையில் மந்திரித்த மெழுகுவர்த்தியைக் கையில் ஏந்தி, ஈரக் காலணியோடு இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் லியர் நகரத்துப் பெருமக்களே! தறியை நிறுத்திவிட்டு வந்த நெசவாளர்களே, கத்தியைக் கழுவிவிட்டு வந்த இறைச்சிக்கடைத் தோழர்களே! விடிந்ததிலிருந்து அடுப்பங்கரையில் நின்று அப்பம் சுட்டு, எங்கள் வயிற்றை நிறைத்து, உங்கள் வயிற்றை மறந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தூணோரத்தில் வெள்ளை முக்காட்டோடு வீற்றிருக்கும், செபமும் கைவேலையுமாகச் சேர்ந்து வாழும் பெகீன் குடியிருப்பின் சகோதரிகளே! உங்கள் அனைவருக்கும் எளியவன் கோமாரின் பணிவான வணக்கம். இந்த அவையில் இருந்திருக்க வேண்டியவர்கள் இருவர் இல்லை. அவர்களுக்கும் என் வணக்கம். அவர்கள் யார் என்று சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

என்ன ஸ்டெய்வென், அப்பம் இன்னும் வாயில் இருக்கிறதா? மென்று முடியுங்கள். நான் காத்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளாகத் தாங்குகுரல் பாடுகிறவனுக்குக் காத்திருக்கத் தெரியும்.

தலைவர் அவர்கள் சற்று முன்பு என்னைப் பற்றிப் பேசினார்கள். முப்பது ஆண்டுகளாக இந்தச் சபையின் பாட்டு ஏடுகளை எழுதியவன் என்றார்கள். தோலில் எழுதினாலும் தாளில் எழுதினாலும் என் கைபட்ட ஏட்டில் ஓர் ஈயின் கறைகூடக் கிடையாது என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். அதற்குப் பரிசாக, இதோ, வெள்ளிப்பிடி போட்ட சுரண்டு கத்தி! பிழையைச் சுரண்ட, கறையைச் சுரண்ட, கண்ணுக்குப் பிடிக்காததைச் சுரண்ட! அழகான கத்தி. நான் இன்னும் அதைத் தொடவில்லை என்பதை யாராவது கவனித்தீர்களா? அந்த ஈயின் கறையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பெரியோர்களே! நம் பாட்டன்மாருக்கும் பாட்டன்மார் காலத்தில் கோவிலில் ஒரே குரல்தான். நாற்பது பேர் நின்றாலும் ஒரே பாட்டு, ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். பிறகு ஊர் பெயர் தெரியாத ஒருவன் அந்தப் பாட்டின்மேல் இன்னொரு குரலை ஏற்றி வைத்தான். ஏன் வைத்தான்? ஒரு குரல் கடவுளுக்குக் கேட்கவில்லை என்றா வைத்தான்? ஒரு குரலில் அழகில்லை என்றா வைத்தான்? இல்லை! நான் சொல்கிறேன், கற்றவர்கள் கோபித்தாலும் சொல்கிறேன். அவன் தனியாக இருந்தான். தன் பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு துணை வேண்டும் என்று நினைத்தான், அவ்வளவுதான்.

இரண்டு மூன்றாயிற்று, மூன்று நான்காயிற்று. பூசைப் பாட்டும் நான்கு குரல், புனிதர் பாட்டும் நான்கு குரல், காதல் பாட்டும் நான்கு குரல், ஸ்டெய்வென் விரும்பும் குடிப்பாட்டும் நான்கு குரல்! அந்த நான்கில் நடுவே நின்று, பழைய பாட்டை நீட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டு, மற்ற மூவரையும் சுமக்கிறதே, அதுதான் தாங்குகுரல். அந்தக் குரல்காரனைத் தனியாக வீட்டில் பாடச் சொல்லுங்கள். ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே நிற்பான். அடுப்பில் பால் பொங்கும், அடுப்பே அணைந்தும் போகும், அவன் அதே சுரத்தில் நிற்பான். அது பாட்டே அல்ல. மற்றவர்கள் வந்தால்தான் அது பாட்டு.

நம் சபையில் ஒரு காலத்தில் தாங்குகுரலுக்கு இரண்டு பேர் இருந்தோம். ஒருவன் நான். இன்னொருவன் ஃப்லோரிஸ்.

சலசலப்பு கேட்கிறது. பெயர் சொன்னதும் சிலர் சிரிக்கவும் செய்கிறீர்கள். சிரியுங்கள். கொஞ்ச நேரத்தில் நானே நிறுத்தச் சொல்வேன்.

பாடும்போது தாளம் தப்பாமல் இருக்க, பக்கத்தில் நிற்பவன் தோளில் விரலால் தட்டுவோமே, அது உங்களுக்குத் தெரியும். பதினாறு ஆண்டுகள் என் இடது தோளில் தட்டியவை ஃப்லோரிஸின் விரல்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வசந்த காலத்தில், இத்தாலியில் ஒரு கோமகனின் பாடகர் குழுவில் இடம் கிடைத்து அவன் புறப்பட்டான். நம் பிள்ளைகள் போகாத ஊரா அது? குரல் நன்றாக இருக்கிற எவன் இந்த ஊரில் தங்கியிருக்கிறான்? படகுத்துறையில் மனைவி டிக்னாவிடம் விடைபெற்றுக்கொண்டு என்னிடம் வந்தான்.

"டேய் கோமார், நீயும் வந்துடுறா. அங்க வருஷம் பூரா வெயிலடிக்குதாம்டா."

"எனக்கு வெயில் ஒத்துக்காது. நீ போ."

"கோவமாடா?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. போறவன் சீக்கிரம் போ, படகுக்காரன் திட்டுறான் பாரு."

கோபம்தான் பெரியோர்களே! அத்தனையும் கோபம்! அவன் போன மறுநாள் கோவிலில் நின்றபோது என் இடது தோள் சில்லென்று இருந்தது. அந்தக் குளிரை நான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு துணி வியாபாரியின் கையில் டிக்னாவுக்கு ஒரு தோல் ஏடு வந்தது. ஒரே ஒரு பக்கம். ஃப்லோரிஸின் கையெழுத்து. மலை தாண்டி, மழை தாண்டி வந்ததால் முழுக்கக் கறை. அதில் ஒரு பாட்டு, ஒற்றைக் குரலுக்கு. "கரையில் ஒரு விளக்கு, ஆற்றில் ஒரு விளக்கு" என்று தொடங்கும். பக்கத்தின் அடியில், கடிதம் முடிப்பது போல, நம் வீட்டுப் பேச்சிலேயே ஒரு வரி: 'நான் பின்னாலேயே வர்றேன்.'

டிக்னா அதை என்னிடம் கொண்டுவந்தார். கறை போக்கித் தரக் கேட்டார். கத்தியைத் தீட்டினேன். சேறு பட்டதைச் சுரண்டினேன். நீர் பட்டதைச் சுரண்டினேன். வரியில் ஏழாவதாக எழுதிய சுரத்தின் தலைக்கு மேல் மூன்று சின்னப் புள்ளிகள், அவற்றோடு ஒரு சிறு சுழி. ஈயின் எச்சம் என்று அதையும் சுரண்டினேன். மூன்றாம் நாள் வாங்கிப் பார்த்தவர் கேட்டார்:

"அண்ணே, இங்க ஏதோ புள்ளி மாதிரி இருந்துச்சே?"

"ஈ எச்சம்மா அது. சுத்தமா எடுத்துட்டேன்."

"ரொம்ப நன்றிண்ணே. கண்ணாடி மாதிரி ஆக்கிட்டீங்க."

அடுத்த நாள் எனக்கு மசாலா மணக்கும் இனிப்புப் பணியாரம் ஒரு தட்டு வந்தது. தின்றேன்.

அந்த மார்கழியிலேயே அடுத்த செய்தி வந்தது. ட்ரென்ட் நகரத்து விடுதியில் காய்ச்சலில் ஃப்லோரிஸ் இறந்துபோனான். ட்ரென்ட் மலைப்பாதையில் ஒரு நடுவழி ஊர். இத்தாலியிலிருந்து வீட்டுக்கு வருகிறவனும் அந்த வழியில் வரலாம், வேறு கோமகனைத் தேடிப் போகிறவனும் அந்த வழியில் போகலாம். எந்தப் பக்கம் முகம் வைத்துச் செத்தான் என்று சொல்ல ஆளில்லை. ஆளில்லாத இடத்தில் ஊர் பேசும். பேசினோமா இல்லையா?

"பொண்டாட்டிக்குத் தனியாப் பாடுற பாட்டு அனுப்பிட்டான்யா! தனியாவே இருடின்னு அர்த்தம்!" என்று மீன் சந்தையில் சொன்னது யார்? பெயர் சொல்ல மாட்டேன், அவர் முன்வரிசையில் தலை குனிந்துவிட்டார். நேரத்துக்கு வராத தச்சனிடம், திரும்பி வராத கடன்காரனிடம், படகைத் தவறவிட்டவனிடம் எல்லாம் நாம் என்ன சொன்னோம்? "ஃப்லோரிஸ் மாதிரி பின்னாலேயே வர்றேன்னு சொல்லு!" பதினொரு ஆண்டுகளாக இந்த ஊரின் நகைச்சுவை அது. நானும் சொல்லியிருக்கிறேன் தாய்மார்களே. டிக்னா கூடையோடு கடந்து போகிறார் என்று தெரிந்தும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

அவர் வீட்டைக் காலி செய்தார். பெகீன் குடியிருப்பில், வாய்க்காலைப் பார்த்த ஒரு சின்ன அறையில் நூல் நூற்கப் போனார். அந்தப் பாட்டை மட்டும் விடவில்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என் எழுதும் மேசை. அந்தப் பக்கம் அவர் ஜன்னல். நாள்தோறும் கேட்பேன். ஆறு சுரம் நடந்து, ஏழாவதில் பாட்டு நிற்கும். ஒன்றும் நடக்காது. பிறகு நகரும். மறுபடி நிற்கும். ஒன்றும் நடக்காது. 'இத்தாலிக் காற்று பட்டு ஃப்லோரிஸுக்குப் பாட்டு கட்டவே மறந்துபோச்சு' என்று நான் நினைத்துக்கொள்வேன். நிற்கிற இடத்தில் எல்லாம் அந்த அறையின் வெறுமை வாய்க்கால் தாண்டி வந்து என் மேசையில் உட்காரும். அதற்குப் பாட்டு கட்டத் தெரியாதவனின் பிழை என்று பெயர் வைத்துவிட்டு, நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

இப்போது, இந்த அவையில் இல்லாத இருவரில் இரண்டாவது ஆளுக்கு வருகிறேன். சகோதரி அலைடா. இந்தப் பெயரைக் கேட்டதும் பெகீன் சகோதரிகள் முக்காட்டுக்குள் சிரிப்பது தெரிகிறது. நாம் பார்த்துச் சிரிப்பதற்கென்றே பிறந்தவர்தானே அவர்! காது மந்தம். கோவிலில் திருப்பாடல் பாடும்போது எல்லோரும் ஒரு வரி முடித்த பிறகுதான் அவர் அந்த வரியைத் தொடங்குவார். "அலைடா அக்கா இன்னும் நேத்துப் பூசையிலதான் இருக்காங்க!" என்று சொல்லாத சகோதரி உண்டா?

சென்ற செப்டம்பரில் ஒரு வெயில் நாள். நெத்தே ஆற்றோரப் புல்வெளியில் சகோதரிகள் துணி வெளுக்கிறார்கள். நான் எழுதுவதற்குத் தோல் வாங்கிக்கொண்டு கரையோரமாக வருகிறேன். டிக்னா போர்வையின் ஒரு முனை, அலைடா மறுமுனை. முறுக்கிப் பிழிகிறார்கள். டிக்னா பழக்கத்தில் அந்தப் பாட்டை எடுக்கிறார். கரையில் ஒரு விளக்கு... ஆறு சுரம் நடந்தது. ஏழாவதில் நின்றது. அப்போது அலைடா, வழக்கம்போலப் பிந்தி, வாயைத் திறந்து முதல் சுரத்தைத் தொடங்கினார்.

"அக்கா! அது போயிடுச்சுக்கா!" என்று ஒரு சகோதரி கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அலைடாவுக்குச் சிரிப்பும் கேட்கவில்லை. பாடிக்கொண்டே போனார். சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

பொருந்தியது பெரியோர்களே! பொருந்தியது! டிக்னா நின்ற இடத்தில் அலைடா நடந்தார். அலைடா நின்ற இடத்தில் டிக்னா நடந்தார். ஒன்றும் நடக்காத இடம் என்று நான் ஜன்னலைச் சாத்தினேனே, அந்த இடம் ஒவ்வொன்றும் இன்னொருவருக்காக விட்டு வைத்த இடம்! கரையில் ஒரு விளக்கு என்று ஒருவர் சொல்ல, ஆற்றில் ஒரு விளக்கு என்று மற்றவர் சொல்ல, அந்தப் புல்வெளியில் நான் தோல் கட்டைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே இருக்கிற பாடகர்களுக்கு இனி நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பின்தொடர் பாட்டு என்று ஒரு வகை உண்டு. ஒரே வரியைத்தான் எழுதுவார்கள். முதல் ஆள் தொடங்குவார். அவர் ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொட்டதும் இரண்டாம் ஆள் அதே பாட்டை ஆரம்பத்திலிருந்து தொடங்கிப் பின்னாலேயே வருவார். எந்தச் சுரத்தில் தொடங்குவது என்பதற்கு அதன் தலையில் ஓர் அடையாளம் போடுவார்கள். என்ன அடையாளம்? மூன்று புள்ளி, ஒரு சுழி! எப்படிப் பாடுவது என்பதற்கு ஒரு வரி எழுதுவார்கள். என்ன வரி? 'நான் பின்னாலேயே வர்றேன்!'

வழக்கம்போல லத்தீனில், பக்கத்தின் உச்சியில் எழுதியிருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். மனைவிக்கு எழுதியதால் அவன் வீட்டுப் பேச்சில் அடியில் எழுதினான். படிக்கிறவள் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வாள் என்று விளையாடினான். புரிவதற்கு வேண்டிய புள்ளியை நான் சுரண்டிவிட்டேன். ஏன் என்று கேட்கிறீர்களா? ஈயின் எச்சத்துக்கும் இந்த அடையாளத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? தெரியும். ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்த வரியை வாய்விட்டுப் பாடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். போனவன் மேல் இருந்த கோபத்தில் அவன் பாட்டை நான் பாடிப் பார்க்கவில்லை. படிக்காமல் சுரண்டினேன், பாடாமல் கொடுத்தேன், பணியாரத்தைத் தின்றேன்.

பல்கலைக்கழகம் வேண்டுமா, கால்நடைச் சந்தை வேண்டுமா என்று அந்தக் காலத்தில் நம் நாட்டுக் கோமகன் கேட்டபோது, சந்தை என்று கூவி 'ஆட்டுத்தலைகள்' என்று பட்டம் வாங்கிய ஊர் நம்முடையது என்பார்கள். அந்த ஆட்டுத்தலைகளில் எல்லாம் பெரிய ஆட்டுத்தலை இதோ உங்கள் முன் நிற்கிறது. இல்லை, இல்லை, இதற்குக் கை தட்டாதீர்கள்.

செப்டம்பரில் தெரிந்ததைச் செப்டம்பரில் சொன்னேனா? சொல்லவில்லை. நவம்பரில் மார்ட்டின் திருநாளுக்குச் சொல்லலாம் என்றேன். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு என்றேன். டிக்னாவும் அலைடாவும் தினமும் சேர்ந்துதானே பாடுகிறார்கள், அக்கா பிந்திப் பாடுவது தற்செயலாக இனிக்கிறது என்று நினைத்துச் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள், நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு சகோதரி அலைடா தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்டது. ஆறு சுரம் நடந்தது. ஏழாவதில் நின்றது. டிக்னா காத்திருந்தார். முன்பெல்லாம் அவர் நிற்பார், இப்போது காத்திருந்தார். இரண்டும் வேறு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. யாரும் வரவில்லை. பாட்டு அங்கேயே விட்டுப்போயிற்று. அதன்பிறகு அந்த ஜன்னலிலிருந்து பாட்டே இல்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு அவரிடமிருந்து ஒரு துணையைச் சுரண்டினேன். இந்த மார்கழியில், வாய் திறக்காமலே, உண்மை தெரிந்து ஒருமுறையாவது அவர்கள் சேர்ந்து பாடவிடாமல், இரண்டாவது துணையையும் சுரண்டிவிட்டேன். அறுபத்திரண்டு வயதில் என் மேசையில் உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நேற்று மதியம் பெகீன் குடியிருப்பின் வாசலில் போய் நின்றேன். ஏட்டை வாங்கி மெழுகுவர்த்தியின் முன் பிடித்துக் காட்டினேன். சுரண்டிய தோல் மெலியும். மெலிந்த தோலில் வெளிச்சம் தெரியும். ஏழாவது சுரத்தின் மேல் மூன்று புள்ளிகள் ஒளியாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். டிக்னா அந்த மூன்று ஒளியையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கே கேட்டேன்ல அண்ணே. ஏதோ புள்ளி இருந்துச்சேன்னு."

"கேட்டம்மா."

"ஈ எச்சம்னீங்க."

"ஆமாம்மா."

"வரேன்னு எழுதிட்டு வராம ஏமாத்திட்டாருன்னு, பதினோரு வருஷமா அவரத் திட்டிக்கிட்டே பாடியிருக்கேண்ணே. செத்தவரப் போயி."

மன்னித்துவிடு என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத இங்க வச்சுக் கேக்காதீங்க. ஊரு சந்தையில நின்னு சிரிச்சுது. நீங்களும் சிரிச்சீங்க. ஊருக்கு முன்னாடி நின்னு சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

சொல்லிவிட்டேன். இதோ, அவர் ஒப்படைத்த அந்த ஏடு. விளக்கருகே பிடிக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? ஒன்று. இரண்டு. மூன்று. சுழி போனது போனதுதான்.

ட்ரென்ட் நகரத்தில் ஃப்லோரிஸின் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைக் கேட்கிறேன். இரண்டு பேர் பாடும் பாட்டைக் கட்டி, முதல் குரலை மனைவிக்கு அனுப்பிவிட்டு, இரண்டாம் குரலைத் தன் தொண்டையிலேயே வைத்துக்கொண்ட ஒருவன் எந்தப் பக்கம் நடந்துகொண்டிருப்பான்? தனியாக இரு என்று சொல்கிறவன், நீ மூச்சை இழுத்துப் பிடி, அந்த இடத்தில் நான் வருகிறேன் என்று எழுதுவானா? அந்த வரியை வைத்துப் பதினொரு ஆண்டுகள் சிரித்த ஊரே, இனி அதைச் சொல்லிச் சிரிப்பாயா?

இந்த அமைதி போதும். இதைத்தான் கேட்டேன்.

தலைவர் அவர்களே, இந்தக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைவிட மெதுவாகச் சுரண்டுகிற ஒருவருக்குக் கொடுங்கள். எனக்கு ஒரு பேனாவும் கொஞ்சம் மையும் போதும். அந்த மூன்று புள்ளிகளையும் சுழியையும் இருந்த இடத்தில் வைக்க வேண்டும். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், அப்பம் சுட்ட கைகளால் இப்போது கண் துடைக்கும் தாய்மார்களுக்கும், வாயை மூடியே வைத்திருந்த என் தோழர் ஸ்டெய்வெனுக்கும், வராத இருவருக்கும், இந்தக் கிழவனின் நன்றியும் வணக்கமும். டிக்னா அம்மையாரை நான் மேடைக்கு அழைக்கவில்லை. அழைக்க எனக்கு உரிமை இல்லை. இறங்குகிறேன்...

யார் அது? தூணோரத்தில்... எல்லோரும் உட்காருங்கள். வழி விடுங்கள். கை தட்ட வேண்டாம்.

அம்மா, இதோ ஏடு. இப்படி வெளிச்சத்துக்கு முன் பிடித்துக்கொள்கிறேன். முதல் ஆறு சுரத்தை நீங்கள் தனியாகத்தான் பாட வேண்டும். அது அவன் வைத்த விதி. அவன் குரல் இல்லை என்னிடம், நடுங்குகிற குரல்தான் இருக்கிறது. ஆனால் ஏழாவதில் நின்று பாருங்கள்.

நான் பின்னாலேயே வர்றேன்.